முடிந்து வைத்த பணம்

வேங்கடமலையின் அடிவாரத்து ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நிலவிவரும் வழக்கம் ஒன்றுண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும், பயிர் வாடினாலும், வழக்கொன்று முடிவின்றி இழுத்துக்கொண்டே போனாலும், வீட்டுப் பெண் ஒரு நாணயத்தை எடுத்து மஞ்சள் தோய்ந்த துணியில் முடிந்து சுவாமி படத்தின் அடியில் வைத்துவிடுவாள். அன்று முதல் அக்காசு அந்த வீட்டின் காசு அன்று. அடுப்பில் உலை ஏறாத நாளிலும் அதனை அவிழ்ப்பாரில்லை. கடன்காரன் வாயிலில் நின்று கூச்சலிடும்போதும் அதனை எண்ணிப் பார்ப்பாரில்லை. அந்த முடிச்சுக்குப் பூட்டில்லை, பத்திரமில்லை, சாட்சியுமில்லை. ஆயினும் அரசாங்கக் கருவூலத்தினும் அது பாதுகாப்பாக இருக்கிறது.

இதில் வியப்பு யாதெனில், முடிந்து வைத்த காசுக்கும் முந்தானையில் கிடக்கும் காசுக்கும் உலோகத்தால் வேறுபாடு ஏதுமில்லை. ஒன்றைக் குறித்து ஒரு சொல் கொடுக்கப்பட்டது. மற்றொன்றைக் குறித்துக் கொடுக்கப்படவில்லை. அவ்வளவே. அந்தச் சொல் ஒன்றே ஒரு காசைக் குடும்பத்தின் கைக்கு எட்டாத உயரத்தில் ஏற்றி வைத்துவிடுகிறது.

கடவுளின் பெயரால் முடிந்த காசுக்கு நாம் காட்டும் இந்த மதிப்பை, ஒரு மனிதரின் பெயரால் முடிந்த காசுக்கும் காட்டுகிறோமா? தங்கையின் படிப்புக்கென்று தாய் ஒதுக்கிய பணத்தை, குடும்பம் முழுவதையும் கரையேற்றப் போவதாக நம்பும் அண்ணன் எடுத்துத் தொழிலில் போடலாமா? அத்தொழில் செழித்துவிட்டால் அச்செயல் நற்செயல் ஆகிவிடுமா? இவ்வினாவை நான் அறிந்த அளவில் மிக நேர்மையாக எழுப்பிய நூல்களுள் ஒன்று, நம் மண்ணுக்கு வெகு தொலைவில் பிறந்த ஒரு நாடகம்.

சித்தூர்க்காரர்களுக்கு நாடகத்தைப் பற்றிச் சொல்லித் தரவேண்டியதில்லை. குண்டூர்ச் சீமையில் பிறந்து, இவ்வூர் ராம விலாச சபையின் மேடையில் வளர்ந்து, ஊரின் பெயரையே தம் பெயரின் முன்னடையாகக் கொண்டவர் சித்தூர் வி. நாகையா. அவர் 1953இல் தமிழில் ‘என் வீடு’ என்றும் தெலுங்கில் ‘நா இல்லு’ என்றும் ஒரு படத்தை இயக்கி நடித்தார். இரு மொழி மக்களும் ஒருங்கே கண்ட கனவு அத்தலைப்பில் அடங்கியிருக்கிறது. பெரும்பொருள் ஈட்டி, கேட்டவர்க்கெல்லாம் வாரி வழங்கி, 1973 டிசம்பரில் கையில் பொருளின்றி மறைந்த பெருந்தகை அவர். பணத்துக்கும் குடும்பத்துக்கும் கனவுக்கும் இடையிலுள்ள பிணக்கை மேடையிலேற்றுவது நமக்குப் புதிதன்று. குரஜாடா அப்பாராவ் 1892இல் எழுதிய ‘கன்யாசுல்கம்’ என்னும் தெலுங்கு நாடகமும், மகளை ஒரு முதிய கருமிக்கு விலை பேசும் தந்தையைக் காட்டி நம் அண்டை வீட்டாரை நாணவைத்ததன்றோ!

நான் குறிப்பிடும் அமெரிக்க நாடகம் லொரெய்ன் ஹான்ஸ்பெரி அம்மையார் எழுதிய ‘எ ரெய்சின் இன் தி சன்’. வெயிலில் ஓர் உலர்திராட்சை என்று பொருள்படும். லாங்ஸ்டன் ஹியூஸ் என்னும் கறுப்பினக் கவிஞரின் கவிதையிலிருந்து எடுக்கப்பட்ட தலைப்பு. 1959 மார்ச் 11ஆம் நாள் நியூயார்க்கின் பிராட்வே அரங்கொன்றில் அது முதன்முதலாக நடிக்கப்பெற்றது. கறுப்பினப் பெண்ணொருவர் எழுதிய நாடகம் பிராட்வேயில் ஏறியது அதுவே முதன்முறை. அப்போது அம்மையாருக்கு வயது 28. சிட்னி பாய்ட்டியர் நாயகனாக நடித்தார். அவ்வாண்டே நியூயார்க் நாடகத் திறனாய்வாளர் வட்டத்தின் பரிசும் அதற்குக் கிடைத்தது. 1965இல், 34ஆம் வயதில், ஆசிரியர் மறைந்துவிட்டார்.

சிகாகோ நகரின் தென்பகுதியில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்று தலைமுறையினர் ஐவர் அதில் நெருக்கியடித்து வாழ்கின்றனர். கைம்பெண்ணான லீனா, மகன் வால்ட்டர், மருமகள் ரூத், மருத்துவம் படிக்க விழையும் மகள் பெனீத்தா, பேரன் டிராவிஸ். குளியலறை வெளித்தாழ்வாரத்தில்; அதனைப் பக்கத்துக் குடியிருப்பினரோடு பங்கிடவேண்டும். பேரனுக்குக் கூடத்துச் சோபாவே படுக்கை. வால்ட்டர் ஒரு செல்வரின் காரோட்டி. மருமகள் பிறர் வீடுகளில் வேலை செய்கிறாள். மாமியாரும் நெடுங்காலம் அவ்வாறே உழைத்தவர். குடும்பத்தலைவரான மூத்த வால்ட்டர் உழைத்து உழைத்தே மாண்டவர். அவருடைய ஆயுள் காப்பீட்டுப் பணம் 10,000 டாலர் காசோலையாக வரவிருக்கிறது. நாடகம் அக்காசோலையை எதிர்நோக்கிய காலைப்பொழுதில் தொடங்குகிறது.

தொடக்கத்திலேயே ஒரு சிறு நிகழ்ச்சி. பள்ளிக்குப் புறப்படும் சிறுவன் 50 சென்ட் கேட்கிறான். தாய் இல்லை என்று மறுத்துவிடுகிறாள்; உண்மையாகவே இல்லை. தந்தை மனைவியை முறைத்துக்கொண்டே 50 சென்ட்டை எடுத்துக் கொடுக்கிறான். அதோடு நில்லாமல், பழம் வாங்கித் தின், வேண்டுமானால் வாடகைக் காரில் போ என்று மேலும் 50 சென்ட் தருகிறான். பிள்ளை மகிழ்ந்து ஓடுகிறான். சற்று நேரத்தில் தந்தை வேலைக்குக் கிளம்பி வாயிலைத் தாண்டியவன் திரும்பி வருகிறான். பேருந்துக்குக் காசில்லை, மனைவியிடம் கேட்கவேண்டும். அவளும் எடுத்துத் தருகிறாள்.

வால்ட்டரின் பண்பு முழுவதும் அந்த ஒரு டாலரில் இருக்கிறது. அவன் கஞ்சனல்லன், கயவனல்லன். மகன் முன் இல்லாதவனாக நிற்பது அவனுக்குத் தாங்கவில்லை. அதன் பொருட்டு, தன்னிடமில்லாததைக் கொடுக்கிறான். அதன் விலையை மனைவி செலுத்துகிறாள். நம் வீடுகளில் இத்தகைய தந்தையரைக் காணாதார் யார்? திருவிழா நாளில் ராட்டினத்துக்கும் பஞ்சுமிட்டாய்க்கும் கணக்குப் பாராது செலவிட்டு, மறுநாள் மளிகைக் கடைக்காரர் கண்ணில் படாமல் சுற்றுவழியாகப் போகும் தந்தை, வால்ட்டரின் உடன்பிறப்பே.

வால்ட்டருக்கு ஒரு மதுக்கடையில் பங்கு வாங்கவேண்டும். நண்பர் இருவர் சேர்ந்து திட்டமிட்டிருக்கின்றனர். தாய்க்கோ மதுவை விற்றுப் பிழைப்பதில் உடன்பாடில்லை. இதற்கிடையே ரூத் கருவுற்றிருப்பதும், இந்நெருக்கடியில் மற்றொரு குழந்தையா என்று அஞ்சி, கருவைக் கலைக்க 5 டாலர் முன்பணம் கொடுத்துவிட்டாள் என்பதும் தெரியவருகின்றன. லீனா அம்மையார் துடித்துப்போகிறார். குடும்பம் கண்முன் சிதைவதைக் கண்டு, எவரையும் கேளாமல் 3,500 டாலரை முன்பணமாகக் கட்டி, கிளைபோர்ன் பார்க் என்னும் வெள்ளையர் பகுதியில் ஒரு வீட்டை வாங்கிவிடுகிறார். மகன் மனமுடைந்து வேலைக்குப் போகாமல் சுற்றித் திரிகிறான். தாய் தம் பிழையை உணர்ந்து, மீதி 6,500 டாலரையும் அவன் முன் வைக்கிறார். 3,000 தங்கையின் படிப்புக்காக வங்கியில் இடு, எஞ்சியது உன் பொறுப்பில் என்கிறார். அவன் முழுவதையும் கொண்டுபோய் வில்லி ஹாரிஸ் என்னும் கூட்டாளியிடம் கொடுக்கிறான். வில்லி ஹாரிஸ் ஓடிவிடுகிறான்.

இந்த எண்களைச் சற்று நின்று நோக்கவேண்டும். அறத்தின் கணக்கு இவற்றிலேதான் இருக்கிறது. வால்ட்டர் இழந்தது 6,500. அதில் 3,500 அவனுடைய பொறுப்பில் விடப்பட்டது. அதனை இழந்தது அறியாமை, அவசரம், கெட்ட காலம், எதுவேனும் சொல்லலாம். குற்றம் என்று சொல்ல இயலாது. எஞ்சிய 3,000 முடிந்து வைத்த பணம். அதனை அவன் எடுத்த கணமே குற்றம் நிகழ்ந்துவிட்டது. வில்லி ஹாரிஸ் ஓடுவதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. ஓடியவன் மறுவாரமே இருமடங்காகத் திரும்பக் கொண்டுவந்து கொட்டியிருந்தாலும் அது நிகழ்ந்ததே.

இதனை ஒப்பாதாரும் உண்டு. பயன் நன்றாயின் செயலும் நன்றே என்பர். நம் வறண்ட சீமையின் உழவர் கதையே அவர்க்கு எடுத்துக்காட்டு. வற்றாத ஆறு ஒன்றும் பாயாத மாவட்டம் இது. நீவா ஆற்று மணலில் நீரைக் காணும் ஆண்டுகளைவிடக் காணாத ஆண்டுகளே மிகுதி. ஏரிகள் தூர்ந்தன, கிணறுகள் வற்றின, ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தன. ஒருவர் மனைவியின் வளையலை அடகு வைத்துத் துளையிடுகிறார்; புழுதி பறக்கிறது. இன்னும் 100 அடி என்கிறார் வண்டிக்காரர். மகளின் கலியாணத்துக்கென வைத்த சங்கிலியும் போகிறது. நீர் பீறிட்டால் ஊரார் அவரைத் தொலைநோக்குடையவர் என்பர். புழுதியே வந்தால் குடும்பத்தைக் கெடுத்தவன் என்பர். மனிதர் ஒருவரே, செயலும் ஒன்றே. பூமிக்கடியில் நீர் இருந்ததா இல்லையா என்பது மட்டுமே வேறு. தாம் அறியவொண்ணாத ஒன்றைக்கொண்டு ஒருவரின் அறத்தை அளப்பது எங்ஙனம் பொருந்தும்?

நன்று. இவ்வாதத்தையே நான் வேறு வழியில் திருப்புவேன். பயனைக்கொண்டு பழிக்கலாகாது என்றால், பயனைக்கொண்டு புகழவும் ஆகாது. அப்படியாயின் நாம் கேட்கவேண்டியது, அச்சங்கிலியை எடுக்கும்போது அதற்குரியவளைக் கேட்டாரா என்பதொன்றே. கேட்டு, அவளும் மனமொப்பித் தந்து, பின் புழுதியே பறந்தாலும் அது அக்குடும்பத்தின் துன்பம். எவர் குற்றமும் அன்று.

சிலப்பதிகாரம் இவ்விடத்தில் நமக்கு உரைகல்லாகிறது. முன்னோர் ஈட்டிய பெரும்பொருளைத் தொலைத்துவிட்டு நாணி நின்ற கோவலனிடம் கண்ணகி தன் சிலம்பைத் தருகிறாள். அதனை முதலாகக் கொண்டு மதுரையில் வாணிகம் செய்து இழந்ததை மீட்கலாம் என்பது அவன் எண்ணம். பொற்கொல்லன் ஒருவனால் அம்முயற்சி உயிரிழப்பில் முடிந்தது. ஆயினும் சிலம்பைக் கொண்டு சென்றதற்காகக் கோவலனை எவரும் பழித்ததில்லை. சிலம்பு அவளுடையது, அவளே தந்தாள். அவன் மீதுள்ள பழியெல்லாம் அதற்கு முற்பட்டது. வால்ட்டர் மதுரைக்குப் புறப்பட்ட கோவலனாக நின்றிருக்கலாம். அவனுக்கென 3,500 இருந்தது. தங்கையின் சிலம்பையும் அவளறியாமல் எடுத்துக்கொண்டு போனதில்தான் அவன் வேறுபடுகிறான்.

தங்கைக்கு அப்பணத்தில் உரிமை ஏது என்று கேட்பாருக்கு நாடகத்திலேயே ஒரு பாத்திரம் உண்டு. நைஜீரியாவிலிருந்து வந்து படிக்கும் அசகாய் என்னும் இளைஞன், அழுது நிற்கும் பெனீத்தாவைக் கேட்கிறான்: அது நீ ஈட்டிய பணமா? உன் தந்தை இறவாதிருந்தால் அது உன் கைக்கு வந்திருக்குமா? ஒரு மனிதரின் சாவை நம்பியே கனவுகள் எல்லாம் தொங்கும் ஒரு வீட்டில், ஒரு உலகத்தில், ஏதோ பிழை இருக்கவேண்டாவா? காதலன் கேட்கத்தக்க கேள்வியா இது என்று தோன்றலாம். ஆனால் இதைவிடக் கூரிய கேள்வி அந்நாடகத்தில் வேறில்லை.

பத்தாண்டுகளுக்கு முன், 1949இல், ஆர்தர் மில்லர் எழுதிய ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகமும் காப்பீட்டுப் பணத்தைச் சுற்றியே சுழல்கிறது. உயிரோடிருப்பதைவிடச் செத்தால் தனக்கு விலை அதிகம் என்று கணக்கிட்ட முதிய விற்பனையாளர் வில்லி லோமன், மகனுக்கு 20,000 டாலர் கிடைக்கட்டும் என்று உயிரை மாய்த்துக்கொள்கிறார். அவர் அடக்கத்தன்று அவர் மனைவி வீட்டு அடமானத்தின் கடைசித் தவணையைக் கட்டி முடித்திருக்கிறாள், வாழ்வதற்கு ஆளில்லை. மில்லர் சாவில் முடித்த இடத்தில் ஹான்ஸ்பெரி அம்மையார் தொடங்குகிறார். பணம் வந்தபின் வாழ்வோர் அதனை என் செய்வர் என்பது அவர் கேள்வி. என் கருத்தில் இதுவே கடினமான கேள்வி.

அசகாயின் வினாவை நம் நாட்டுச் சட்டம் வேறு மொழியில் நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நம் வீடுகளில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தெரியாத வீடில்லை. 245 நிறுவனங்களை ஒன்றாக்கி 1956 செப்டம்பர் 1ஆம் நாள் அது நிறுவப்பெற்றது. ஒப்பந்தத்தாளில் நாமினி என்றொரு கட்டம் உண்டு. அக்கட்டத்தில் பெயருள்ளவருக்கே பணம் சொந்தம் என்று பலர் எண்ணினர். 1984இல் உச்சநீதிமன்றம் அங்ஙனம் அன்று என்றது: நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே, பொருள் வாரிசுகள் அனைவருக்கும் உரியது. பின்னர் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, மக்கள் ஆகியோர் நாமினியாயின் அவர்களே பயனுக்கும் உரியர் என்று மாற்றிற்று. இன்றைய நம் சட்டப்படி லீனா அம்மையாரே 10,000 டாலருக்கும் முழு உடைமையாளர். ஆனால் அவர் ஒருபோதும் தம்மை அவ்வாறு கருதவில்லை. கணவரின் உழைப்பு தம் கையில் வந்து விழுந்திருக்கிறது என்றே கருதினார். சட்டம் கைவிட்ட பழைய கருத்தை அவர் மனம் கைவிடவில்லை. 1984ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சொல் எனக்கு இன்றும் அறத்துக்கு நெருங்கியதாகவே படுகிறது.

கூட்டுக்குடும்பச் சட்டமும் இவ்வாறே. விஞ்ஞானேசுவரரின் மிதாட்சர வழியைப் பின்பற்றிய நம் பகுதியில், குடும்பத்தலைவர் ஆபத்துக்கும் குடும்ப நன்மைக்கும் அறக்கடனுக்கும் பொதுச்சொத்தை விற்கலாம். கலியாணச் செலவு அவற்றுள் அடங்கும். ஆனால் குலத்தொழில் அல்லாத புதுத்தொழில் ஒன்றைத் தொடங்கி அதன் இழப்பை இளையோர் பங்கின்மேல் ஏற்றலாகாது என்பது நீதிமன்றங்கள் நிலைநாட்டிய விதி. மதுக்கடைக் கனவுக்கு நம் பழஞ்சட்டத்தில் இடமில்லை. கலியாணக் கடனுக்கு உண்டு. இதனை நினைக்கும்போது புன்னகை வருகிறது. வேங்கடத்து இறைவனே பத்மாவதி தாயாரை மணக்கக் குபேரனிடம் கடன்பட்டு, பிரமனும் சிவனும் சாட்சியாகப் பத்திரம் எழுதிக்கொடுத்து, கலியுகம் முடியுமட்டும் வட்டி செலுத்திவருவதாகத் தலபுராணம் கூறும். வட்டி காசுலவாடு என்று தெலுங்கர் உரிமையோடு அழைப்பது இதனாலேயே. கீழ்த்திருப்பதியில் பள்ளிகொண்ட கோவிந்தராசப் பெருமான் மரக்காலைத் தலைக்கு அணையாக வைத்திருப்பது, தம்பியின் கடனுக்குக் காசு அளந்து அளந்து களைத்ததனால் என்பர் ஊரார். ஒருவர் பட்ட கடனுக்கு மற்றொருவர் களைத்துப்போவது குடும்பம் என்பதன் இலக்கணம் போலும்!

பெனீத்தாவின் படிப்பைப் பற்றியும் ஒரு பழைய வழக்கு உண்டு. குடும்பப் பணத்தில் சிறப்புக் கல்வி பெற்ற ஒருவர் ஈட்டும் ஊதியமும் குடும்பத்துக்கே உரியது என்பது பழைய கொள்கை. ஐ.சி.எஸ். அலுவலர் ஒருவரின் ஊதியத்தைக்கூட 1921இல் பிரிவி கவுன்சில் அவ்வாறே கருதிற்று. 1930ஆம் ஆண்டின் கல்வி ஈட்டச் சட்டம் அதனை மாற்றி, கற்றவரின் ஊதியம் கற்றவருக்கே என்றது. இவ்வழக்குகளில் எல்லாம் கற்றவர் ஆண்மகனே. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளின் பங்கு சட்டமானது வெகு பின்னரே. இவ்வகையில் நம் ஆந்திர மாநிலம் தமிழ்நாட்டை முந்திக்கொண்டது. மணமாகாத மகளுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு ஒப்பான உரிமை 1985 செப்டம்பர் முதல் இங்கு நடைமுறைக்கு வந்தது, தமிழ்நாட்டில் 1989இல், நாடு முழுவதற்கும் 2005இல். இவ்வூர்த் தமிழ்ப்பெண்கள், எல்லை தாண்டியிருந்த தம் சித்தி மகளிருக்கு நான்காண்டுகள் முன்பே உரிமை பெற்றனர். எல்லைப் போராட்டத்தை எண்ணி இன்றும் பெருமூச்சு விடும் பெரியவர்கள் இதனையும் சேர்த்து எண்ணுவார்களாக.

ஆயினும் சட்டத்தின் பக்கம் நின்று வால்ட்டரை எளிதில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. செல்வர் மகன் மூன்று தொழில்களில் மூன்று முறை தோற்றால் அதற்கு அனுபவம் என்று பெயர். ஏழை மகன் ஒருமுறை தோற்றால் அதற்குக் குடிகேடு என்று பெயர். வால்ட்டருக்கு வயது 35. அவன் வாழ்நாளில் பெரிய காசோலை ஒன்றே ஒன்று வரும். அது அவன் தந்தை இறந்ததனால் வரும். அதனைப் பங்கிட்டுச் சிறுசிறு துண்டாக்கினால் எவர் கனவுக்கும் போதாது என்ற அவன் கணக்கில் பொய்யில்லை. திருவள்ளுவர் குடிசெயல்வகை என்று ஓர் அதிகாரமே வைத்தார். தன் குடியை உயர்த்துவேன் என்று முனைபவனுக்குத் தெய்வமே முந்தி வந்து துணைநிற்கும் என்பது அவர் நம்பிக்கை. அவ்வதிகாரத்துக்கு முன் நாணுடைமையையும், அதன்பின் உழவையும் நல்குரவையும் அவர் வைத்த முறை எண்ணத்தக்கது. குடியை உயர்த்தும் முயற்சி ஒரு பக்கம் நாணத்தையும் மறுபக்கம் வறுமையையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. வால்ட்டர் நின்றதும் அவ்விடத்திலேயே.

நாணத்தின் சோதனை நாடகத்தின் இறுதியில் வருகிறது. கிளைபோர்ன் பார்க் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் லிண்ட்னர் என்னும் வெள்ளையர், மிக மரியாதையாக, புன்னகையோடு வருகிறார். அவ்வீட்டை அவர்களே கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். இவர்கள் அங்கே குடிவராமல் இருந்தால் போதுமாம். முதலில் வெளியேற்றப்பட்ட அவரை, பணமெல்லாம் தொலைந்தபின் வால்ட்டர் தானே திரும்ப அழைக்கிறான். இழந்ததை மீட்க அது வழி; தங்கையின் படிப்பையும் ஓரளவு மீட்கலாம். ஆனால் லிண்ட்னர் வந்து நிற்கும்போது, தாய் சொல்லிப் பேரனும் அருகே நிற்கிறான். மகன் பார்த்துக்கொண்டிருக்கையில் வால்ட்டரால் கைநீட்ட முடியவில்லை. நாங்கள் குடிவருகிறோம் என்று சொல்லிவிடுகிறான். காலையில் ஒரு டாலரை அள்ளிக் கொடுக்கச் செய்த அதே நாணம், இப்போது அப்பெருந்தொகையை மறுக்கச் செய்கிறது.

இது கற்பனையன்று. ஆசிரியரின் தந்தை கார்ல் ஹான்ஸ்பெரி 1937இல் சிகாகோவில் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கினார். கறுப்பர்க்கு விற்கலாகாது என்ற ஒப்பந்தம் அப்பகுதியில் இருந்தது. வீட்டின் முன் கூட்டம் திரண்டது. எறியப்பட்ட கல் ஏழெட்டு வயதுச் சிறுமியான லொரெய்னை மயிரிழையில் தப்பவிட்டது. தாய் இரவெல்லாம் துப்பாக்கியோடு காவலிருந்தார். 1940இல் உச்சநீதிமன்றம் ஹான்ஸ்பெரிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆனால் முந்திய வழக்கொன்றின் முடிவு இவரைக் கட்டுப்படுத்தாது என்ற நடைமுறைக் காரணம் பற்றியே. அத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்ற பொதுத்தீர்ப்பு 1948இல் வந்தது. அதற்குள், 1946இல், அவர் நாட்டைவிட்டே குடிபெயர எண்ணி மெக்சிகோ சென்று அங்கேயே இறந்தார்.

இதனை வெள்ளையர் கொடுமை என்று சொல்லி நாம் கைகழுவ இயலாது. ஊர் வேறு சேரி வேறு என்று தெருவமைத்தவர்கள் நாம். வீடு காலி என்று பலகை தொங்கவிட்டு, வந்தவரிடம் பெயரையும் ஊரையும் கேட்டுச் சாதியை ஊகித்து, இப்போதுதான் வேறொருவருக்குச் சொல்லிவிட்டோம் என்று புன்னகையோடு அனுப்பும் லிண்ட்னர்கள் நம் நகர்களில் தெருவுக்கொருவர். அகமதாபாத்தில் பார்சி மக்களுக்கு மட்டுமே உறுப்புரிமை என்று விதிசெய்துகொண்ட வீட்டுவசதிச் சங்கத்தின் விதி செல்லும் என்று நம் உச்சநீதிமன்றமே 2005இல் கூறியிருக்கிறது. சிறுபான்மையோர் தம்மைக் காத்துக்கொள்வதும் பெரும்பான்மையோர் பிறரை விலக்குவதும் ஒன்றல்ல என்று வாதிடலாம், வாதிடவும் வேண்டும். எனினும் வாயிலில் நின்று திரும்பியவருக்கு அவ்வேறுபாடு எளிதில் விளங்குவதில்லை.

வால்ட்டர் பணத்தை மறுத்ததைப் பாராட்டி எழுதாதார் இல்லை, நானும் பாராட்டுகிறேன். ஆனால் தன்மானம் காக்கப்பட்டது, செலவு யாருடையது? புதுவீட்டின் அடமானத் தவணை மாதந்தோறும் வரும். காரோட்டியின் ஊதியம் போதாது. பெனீத்தாவின் கல்லூரிக் கட்டணத்துக்கு இனி வழி தெரியவில்லை. அப்பகுதியில் இவர்களை வரவேற்கப் போவது கல்லா சொல்லா என்பதும் தெரியவில்லை. எல்லாம் தொலைந்த அன்று, புதுவீடு வேண்டாம் என்று மாமியாரே தளர்ந்த வேளையில், ரூத்தான் முன்வந்தாள். நாளெல்லாம் வேலை செய்வேன், பிறக்கப்போகும் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு சிகாகோவின் சமையலறைகளையெல்லாம் துடைப்பேன், ஆனால் இங்கிருந்து போயாக வேண்டும் என்றாள். நாடகம் முழுவதிலும் தன் கனவு இதுவென்று காசோலையில் பங்கு கேளாத ஒருத்தி அவள். 10,000 டாலரில் அவள் பெயரால் முடிந்து வைத்தது ஏதுமில்லை. மூட்டைகள் வண்டியிலேறுகின்றன. லீனா அம்மையார் இருட்டு அறையில் ஒருமுறை நின்று பார்த்துவிட்டு, சன்னலோரத்தில் வெயில் போதாமல் வளர்ந்த தம் சிறு செடியை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறார். ரூத் முன்னமே கீழே இறங்கிப் போயிருந்தாள்.